கடைசிப் பாட்டுக்குப் பிறகு

1987 மே 2, சனி

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. மாலை எங்கள் வீட்டில் பாட்டுச் சனி (பா.ச.), இரண்டு கிழமைக்கு ஒருமுறை. அக்கா கட்லட் உருட்ட, நான் கதிரை இழுத்துப்போட.

வந்தவர்கள்: சேகர், ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் வேலை முடித்து நேரே. நிர்மலா, ஆஸ்பத்திரி ஷிப்டிலிருந்து. மன்னார்க்காரத் தம்பதி, கையில் புதுப் படம் ஒன்றின் வீடியோ கசெட். எங்களிடம் வீடியோ டெக் இல்லை. அத்தான் பெட்டியின் மேலட்டையையே படம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பா.ச.வின் சட்டம் ஒன்றுதான். பாட்டுக் கசெட் வாங்கிப் போனவர் அடுத்த முறை, கடைசிப் பாட்டு எதுவென்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். முழுக்கக் கேட்டதற்கு அத்தாட்சி. சட்டம் போட்டவள் நான்தான். போன முறை சேகருக்கென்றே பதிந்து ஒன்று கொடுத்திருந்தேன், திருப்பித் தர வேண்டாம் என்று.

"கடைசி அந்த மழைப் பாட்டு. வீணையோட முடியும்" என்றார் சேகர்.

சரியான பதில். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால் அந்தப் பாட்டுக்குப் பிறகும் அதில் ஒன்று இருக்கிறது. கேட்டாரா, இல்லையா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு கட்லட் எடுத்தார்.

மே 5, செவ்வாய்

பேய்க்காற்று. பஸ் தரிப்பில் குடை முறிந்தது. ஒஃபிசில் ஒரே கடிதத்தை மூன்று தரம் டைப் அடித்தேன். மானேஜர், உடம்புக்கு என்ன என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை.

வாங்க: பருப்பு, முத்திரை, வெற்றுக் கசெட், குடை.

அக்கா குடும்பம் கடற்கரைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை பதிந்தது சேகரின் கசெட். இசைத்தட்டைச் சுழலவிட்டு, ரெக்கோர்டரை முன்னால் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. மூன்றாவது பாட்டின் நடுவில் பிளேன் போனது. ஏர்போர்ட்டை ஒட்டிய எங்கள் மங்கரேயில் பிளேன் இல்லாமல் ஒரு பாட்டு முடியுமா? அப்படியே விட்டுவிட்டேன்.

மழைப் பாட்டு முடிந்த பிறகு கசெட்டைக் கொஞ்சம் வெறுமனே ஓடவிட்டேன். பாட்டோடு நிறுத்துகிறவருக்குக் கேட்கக்கூடாது, பொறுத்திருப்பவருக்குக் கேட்க வேண்டும். பிறகு தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னேன்: "சேகர், எனக்கு உங்களோட காலம் முழுக்கப் பாட்டுக் கேக்க விருப்பம்."

இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. முப்பது வயதில் இது என்ன பைத்தியம்.

மே 9, சனி

வெயில்! துணி எல்லாம் வெளியே. முற்பகல் டெலிபோன். அத்தானுக்கு என்று நினைத்தேன். சேகர். தொழிற்சாலையிலிருந்து, பின்னால் மெஷின் இரைச்சல்.

"உங்கட தெரிவு திறம், வசந்தி. எல்லாம் அருமையான பாட்டு."

"முழுக்கக் கேட்டனீங்களோ?"

"ஓம், ஓம், கேட்டனான். பிரேக் முடியுது. பிறகு கதைக்கிறன்."

பிறகு எப்போது? இதைச் சொல்லவா எடுத்தார், வேறு ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டாரா? அக்கா, "ஏன் சிரிக்கிறாய்?" என்றாள். சிரித்தேனா? பின்னேரம் தலைக்கு முழுகி, பச்சைச் சேலைக்கு இஸ்திரி. பா.ச.வுக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது, அது வேறு விஷயம்.

மே 14, வியாழன்

தூறல். மதியம் நிர்மலாவின் ஃப்ளாட்டில் சாப்பாடு, ஒஃபிசிலிருந்து நடை தூரம். வத்தக்குழம்பு. இந்த ஊரில் எனக்கு முதல் கிடைத்த தோழி. பா.ச.வுக்கு அவளைக் கூட்டிவந்ததும் நான்தான்.

"உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன். நானும் சேகரும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். மெட்ராஸ்ல அப்பா சரின்னு லெட்டர் போட்டுட்டார்."

சந்தோஷம் என்றேன். கட்டிப்பிடித்தாள். நானும் பிடித்தேன்.

"இதக் கேளேன். எனக்காகவே அவர் பொறுக்கிப் பொறுக்கிப் பதிஞ்சது." கசெட்டைப் போட்டாள்.

முதல் பாட்டு. இரண்டாவது. மூன்றாவதின் நடுவில் என் பிளேன்.

"கேக்குதா? அவர் ரூமுக்கு மேல போற பிளேனாம்!"

அவர் ரூமுக்குப் பக்கத்தில் மாடுதான் கத்தும். அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள், பாவி, அவள் மேல் கோபம்கூட வரவில்லை. அவர் மேல் வந்தது. அப்புறம் இன்னொன்றும் வந்தது, எழுதவே வெட்கம்: ஒருவேளை அவர் கடைசிவரை கேட்கவேயில்லையோ? கேட்காதவர் என்றால், தெரியாமல் செய்தவர். மன்னிக்கலாம்.

கசெட்டைத் தா என்று நானே கேட்டேன்.

"எடுத்துட்டுப் போ. ஆனா சனிக்கிழமை கடைசிப் பாட்டு என்னன்னு சொல்லணும். நீ போட்ட ரூல்!"

மே 15, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. தலையிடி என்று போன் பண்ணினேன். அக்கா வேலைக்குப் போகும்வரை போர்வைக்குள். பிறகு ரெக்கோர்டர்.

மேலட்டையில் அவர் கையெழுத்து. 'நிர்மலாவுக்கு.' வடிவான எழுத்து.

இரண்டு கசெட் போடும் மெஷினில் பிரதி எடுத்திருக்கிறார். எல்லாம் நான் வைத்த வரிசையே. பிளேன் வந்தது, போனது. மழைப் பாட்டு வந்தது. அழுதேன், நன்றாகவே அழுதேன், பாட்டுக்காகவும் சேர்த்து.

வீணை முடிந்தது. கசெட் வெறுமனே ஓடியது. எங்கள் ஹோலின் அமைதி, ஜன்னலில் காற்று. எல்லாம் அப்படியே இருந்தது. அப்படியென்றால் கேளாமலே பிரதி எடுத்திருக்கிறார், இனி என் குரலும் வரும், அது நிர்மலாவின் வீட்டில் இருந்திருக்கிறது என்று பதறி எழுந்து உட்கார்ந்தேன்.

கசெட்டில் நான் தொண்டையைச் செருமுகிறேன்.

டக்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பக்கம் முடியும்வரை காத்திருந்தேன். அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்தவரால்தான் அந்த இடத்தில் பதிவை நிறுத்த முடியும்.

கேட்டிருக்கிறார்.

நாளை பா.ச. அக்கா கட்லட்டுக்கு உருளைக்கிழங்கு அவிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள். எல்லோர் முன்னாலும் நிர்மலா கேட்பாள், கடைசி என்ன என்று. மழைப் பாட்டு என்று சொல்ல வேண்டும், அவரைப் பாராமல்.