உன் முகத்தின்மேல் ஓடும் முள்

நேற்று உன் வீட்டில், உன் முகம் போட்ட கடிகாரம் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள்.

நீ போய் ஒரு வருஷம் ஆனதற்கான சாப்பாடு. குத்துக்கல்வலசையில் உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. சாப்பிட்டு வெளியே வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கோர் அட்டைப்பெட்டி. கை கழுவிவிட்டு வந்து பிரித்துப் பார்த்தேன். வட்டக் கண்ணாடிக்குள் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். உன் மூக்கின் நடுவில் துளை போட்டு மூன்று முட்களையும் மாட்டியிருந்தார்கள். நொடிமுள் உன் இடது கண்ணைத் தடவிவிட்டு வாயைக் கடந்து போயிற்று.

அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது கோபம். பெட்டியை மூடி ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தேன்.

இந்த மாதிரிக் கடிகாரத்தைப் பார்த்து எவ்வளவு சிரித்திருப்பாய். குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் உன் வீட்டுக்காரர் வைத்திருக்கும் ஸ்டாலில் அதுதான் வாசலிலேயே தொங்கும். குளிக்க வருகிறவர்கள் குடும்பத்தோடு படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஈரத்தலையோடு திரும்பி வரும்போது அவர்கள் முகம் கடிகாரமாகித் தயாராக இருக்கும். "ஏட்டி, இங்கன பாரு. குடும்பமே மூக்குல முள்ளு குத்திக்கிட்டு நிக்காவ. இதுல மணியப் பாக்கதா, மூஞ்சியப் பாக்கதா?" என்பாய். அவருக்குக் கேட்கும்படியேதான் சொல்வாய். அவரும் சிரிப்பார். அந்த மனிதர்தான் உன் முகத்திலேயே துளை போட்டு நூறு பேருக்குக் கொடுத்திருக்கிறார்.

பந்தலைத் தாண்டுவதற்குள் பின்னாலேயே வந்துவிட்டார்.

"தங்கச்சி, கடிகாரத்த வச்சுட்டுப் போறியளே."

"அவளுக்கு இது பிடிக்காதுண்ணே."

"அவ ஞாபகமா எல்லார் வீட்டுலயும் இருக்கட்டும்னு தான் செஞ்சேன்."

"அவ கையால செஞ்சது எத்தனையோ இருந்துச்சே. அதுல ஒண்ணயாவது சுவத்துல மாட்டியிருக்கியளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாவற்றையும் சாக்கில் கட்டி மாடி அறையில் போட்டிருப்பதாகச் சொன்னார்.

சாக்கில் என்னென்ன கிடக்கும் என்று எனக்குத் தெரியும். உன் சமையலறைக்கு நீ செய்தது ஒன்று: எண்களே கிடையாது, பன்னிரண்டு கரண்டிகள், பன்னிரண்டு மணிக்கு மட்டும் சோற்றுக்கரண்டி. கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் மாட்டுவதற்கென்று முட்கள் பின்னோக்கி ஓடும் ஒன்று. தலை சீவும்போது கண்ணாடிக்குள் பார்த்தால் சரியான நேரம் காட்டும். ரிட்டயர் ஆன பக்கத்து வீட்டு இன்ஸ்பெக்டருக்காக ஒற்றை முள்ளோடு ஒன்று செய்தாய். அது வாரத்துக்கு ஒருமுறைதான் சுற்றும். ஞாயிறு, திங்கள் என்று கிழமையை மட்டும் காட்டும். "இனிமே அவருக்கு மணி எதுக்குட்டி? இன்னைக்கு என்ன கெழமன்னுதான் தெரியல, தெனமும் ஆச்சிகிட்ட கேட்டு ஏச்சு வாங்குதாரு" என்றாய். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நீ கேலி செய்கிறாயோ என்று ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவர் வீட்டுக் கூடத்தில் அதுதான் தொங்கியது; அது சாக்குக்குத் தப்பியது.

ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்காக யோசித்துச் செய்தது. பலகையை அறுத்து, தேய்த்து, கடிகார மிஷினை ஆன்லைனில் வரவழைத்து, ஸ்டாலின் பின்பக்கம் விற்பனைக்கு வந்த குளியல் துண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து செய்தாய். அதையெல்லாம் மாடியில் போட்டுவிட்டு என்ன ஞாபகம்?

அதோடு நான் கிளம்பி வந்திருக்கலாம். வரவில்லை. ஒரு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அவளக் கொண்டுபோன அந்தக் கட்டி ஆனி மாசமே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆஸ்பத்திரிக்கு வான்னு கூப்பிட்டேன். சீசன் முடியட்டும்னு அவதான் சொன்னா."

"எத்தன தடவ கூப்பிட்டிய?"

"ஒரு தடவ. அவ பிடிவாதம் ஒங்களுக்குத் தெரியாதா, தங்கச்சி?"

"ஸ்டாலுக்கு வான்னு எத்தன தடவ கூப்பிட்டிய?"

இலை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவரை அதோடு விட்டுவிடுகிறேன். எனக்குப் பேச வேண்டியது உன்னிடம்.

எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் தென்காசியில் இருபது வருஷமாக லேபில் வேலை பார்க்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு ரத்தம் எடுக்கிற அக்கா நான்தான். உன் வீட்டிலிருந்து லேபுக்குப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை ஏழு மாதம் நடக்காமல் இருந்தாயே, ஏட்டி.

என் அப்பாவுக்குக் கடிகாரம் செய்ய மட்டும் எத்தனை தடவை நடந்தாய் என்று எண்ணிப் பார்த்தாயா? சர்க்கரையில் அவருக்குக் கண் போன பிறகு நாள் முழுக்க "மணி என்னம்மா" என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார். நான் வேலைக்குப் போய்விட்டால் யாரைக் கேட்பார்? ஒருநாள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாய். அடுத்த வாரம் கண்ணாடி இல்லாத கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தாய். எண்களுக்குப் பதில் பன்னிரண்டில் சிரட்டைத் துண்டு, மூன்றில் சட்டைப் பித்தான், ஆறில் புளியங்கொட்டை, ஒன்பதில் சோழி. தடவிப் பார்த்தே மணி சொல்லிவிடலாம். ஆனால் அப்பா தடவியதில் முட்கள் நகர்ந்துவிட்டன. சாயங்காலம் நான்கு மணிக்குக் காலைச் சாப்பாடு கேட்டார். நீ சிரிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போனாய். இரண்டாவதும் அப்படித்தான் ஆயிற்று. மூன்றாவதற்கு எங்கிருந்தோ ஒரு பழைய அலாரம் கடிகாரத்தைப் பிடித்து, அதன் தடித்த பித்தளை முட்களையும் கெட்டியான மிஷினையும் எடுத்துப் போட்டுக் கொண்டுவந்தாய். அழுத்தித் தடவினாலும் அசையவில்லை.

அப்பா இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணே கால்" என்றார். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரி. "இனி நான் யாரையும் கேக்க வேண்டாம், என்னம்மா?" என்றார் உன்னிடம். அவர் தோளைத் தட்டினாய்.

அது ஆனி மாதம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று ஆணி அடிக்கும்போது, "நீ அடிட்டி" என்று சுத்தியலை என்னிடம் நீட்டினாய். எங்கள் வீட்டில் எந்த ஆணியையும் என்னை அடிக்க விட்டவள் இல்லை நீ. "கைக்கு என்ன?" என்றேன். "ஸ்டால்ல மூட்டை தூக்கினது. சுளுக்கிக்கிட்டு" என்றாய். நான் தைலம் எடுத்துவந்து தடவிவிட்டேன். தோளிலும் முதுகிலும் நன்றாக அழுத்தித் தடவினேன். கக்கத்தில் அந்தக் கட்டி என் விரலுக்கு நான்கு விரற்கடைக்கு அப்பால் இருந்திருக்கிறது. நீ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "நல்லா இருக்குட்டி" என்றாய்.

எதற்கு அப்படிச் சொன்னாய்? ஒரு வார்த்தை, "இங்கன தொட்டுப் பாரு" என்று சொல்லியிருந்தால் போதுமே. நான் லேபுக்காரி. சொன்னால் அந்த நிமிஷமே இழுத்துக்கொண்டு போவேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. குற்றாலத்தில் சாரல் சீசன் ஆரம்பித்திருந்தது; ஸ்டாலில் ஆள் வேண்டும். ஆவணியில் அந்த சீசன் முடிந்தது. சரக்கு எடுக்க வேண்டும், ஸ்டால் கூரையை மாற்ற வேண்டும் என்று இரண்டு மாதம் ஓடிற்று. கார்த்திகையில் ஐயப்பன் சீசன் தொடங்கிவிட்டது. மாலை போட்டவர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றாய், வலது கையை மடக்கி வைத்துக்கொண்டு.

தை பிறந்து நீயாக லேபுக்கு வந்தாய். திரைக்குப் பின்னால் போய் நீ காட்டியபோது என் கையிலிருந்து பஞ்சு விழுந்தது. "பொங்கல் கழியட்டும்னு பாத்தேன்" என்றாய், ஏதோ புடவை மாற்றிக்கொள்ள வந்தவள் மாதிரி.

திருநெல்வேலியில் டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இவ்வளவு நாள் என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?" திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஆலங்குளம் தாண்டியதும், "ஏட்டி, என்னைய ஏசணும்னா ஏசிக்கோ" என்றாய்.

நான் ஏசவில்லை. உடம்பு சரியில்லாதவளை எப்படி ஏசுவது? முடி கொட்டியபோதும், வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்காதபோதும், கடைசியில் புரட்டாசியில் நீ ஆளையே அடையாளம் தெரியாமல் கிடந்தபோதும் ஏசவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று பொய் சொன்னேன்.

இப்போது ஏசுகிறேன். கண் தெரியாத கிழவர் யாரையும் கேட்டு நிற்கக் கூடாதென்று மூன்று கடிகாரம் செய்யத் தெரிந்தவளுக்குத் தன் உடம்பைக் காட்ட ஒரு காலைப்பொழுது கிடைக்கவில்லையா? ஊரில் யாருக்கு என்ன வேண்டுமென்று பார்த்தவுடன் கண்டுபிடிப்பாய். உனக்கு வேண்டியதை மட்டும் யாரிடமும் கேட்காமல் இருந்தது என்ன பெருமை? அது பொறுமை இல்லை, ஏட்டி. எனக்குச் செய்த துரோகம். தைலம் தடவிய என் கையையும் சேர்த்துத்தான் ஏசுகிறேன். இருபது வருஷம் நோயாளிகளைப் பார்த்தவள் ஒரு சுளுக்கை நம்பினேன்.

அப்பாவிடம் நேற்று நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பயல நீ அவ்வளவு கேட்டிருக்க வேண்டாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "கேட்டது சரிதான்" என்றார்.

இன்று காலை லேபுக்குப் பண்பொழியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வந்தவள், ஊசியை எடுத்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, கக்கத்துல கட்டி மாதிரி ஒண்ணு இருக்கு. அதுவும் இந்த ரத்தத்துல தெரியுமா?"

"எத்தன நாளா இருக்கு?"

"ஆடியிலேருந்து. மவன் மிலிட்டரிலேருந்து லீவுல வந்திருக்கான். அவன் போவட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்னு இருக்கேன்."

நான் கத்திவிட்டேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லேப் முதலாளி எழுந்து வந்தார். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எதுக்கு இப்பிடிச் சத்தம் போடுதீய? ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். பையை விடாமல் அவளும் பின்னாலேயே வந்தாள், என்னை ஏசிக்கொண்டே. ஸ்கேன் எடுக்கிற இடத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

"யாரும்மா நீ, என் பேரு கூடத் தெரியாது ஒனக்கு" என்றாள் ஏறும்போது.

உண்மைதான். ரசீதில் பேர் இருந்தது. நான் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.