கூண்டு விளக்கில் போட்ட பல்பு

அன்புள்ள மகன் திருநாவுக்கரசுக்கு, ஹைதராபாத் மல்காஜ்கிரியிலிருந்து அப்பா சொல்லச் சொல்ல மாடி வீட்டுக் கிரிஜா எழுதுவது. சிட்னியில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும். நாங்களும் சுகம் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

அமெரிக்காக்காரன் விட்ட ஸ்கைலேப் விண்கலம் நம் தலையில் விழப்போகிறது என்று ஊரே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வருஷம், நீ வயிற்றில் இருந்தாய், அப்போது மாட்டியது ஹாலில் இருக்கும் கண்ணாடிக் கூண்டு விளக்கு. நீ ஆன்லைனில் வாங்கி அனுப்பிய இருபத்துமூன்று வாட் எல்இடி அதற்குள்தான் எரிகிறது. பின் வைத்த பல்பா, திருகு பல்பா, முன்னே எத்தனை வாட் என்றெல்லாம் கேட்டாய், கூண்டு மூடியதா திறந்ததா என்று நீயும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. வெளிச்சம் பட்டப்பகல்தான். ஆனால் தீய்ந்த வாடை வருகிறது, பல்பு மினுக்குகிறது, கூண்டைத் தாங்கும் ஹோல்டர் பழுப்பாகிவிட்டது. முன்னே நூறு வாட் குண்டு பல்பு எரியவில்லையா என்பாய். இதற்குக் கழுத்துக்குள் சின்ன மெஷின் இருக்கிறதாம், அந்தச் சூடு போகக் காற்று வேண்டுமாம், மூடிய விளக்கில் போடக்கூடாது என்று பெட்டியில் பொடி எழுத்தில் இருந்ததைக் கிரிஜா இன்றுதான் படித்தாள்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் கட்டில் அதற்கு நேர் கீழே. சட்டென்று எழுந்து ஓட முடியாது. கழற்றப் போனால், "எம் புள்ள அனுப்புன வெளிச்சம், கைய வெச்சிப் பாருங்க" என்கிறாள். எலக்ட்ரீசியன் சலீமைக் கூட்டிவந்தேன். "நக்கோ சாச்சா, பஹுத் கரம்", வேண்டாம், ரொம்பச் சூடு என்று சொல்லிக் கழற்ற ஏணி போட்டான். இவள் கைத்தடியைக் குறுக்கே நீட்டி, "டே சலீமு, டீ வேணுமா, அடி வேணுமா?" என்றாள். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். கட்டிலை நகர்த்தவும் விடவில்லை. நான் சுவிட்சை அணைத்தால் தடியால் தட்டிப் போடுகிறாள். போனில் உன்னிடம் சொல்லலாம் என்றால் அவளே பிடுங்கி, எல்லாம் நன்றாக எரிகிறது என்றுவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம், கிரிஜா படம் பிடித்து அனுப்புவாள்.

பார்த்த கையோடு அம்மாவைக் கூப்பிட்டு விளக்கை அணைக்கச் சொல். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. மூடிய விளக்குக்கு ஆகும் என்று பெட்டியில் எழுதியிருக்கிற ஒன்பது வாட் பின் பல்பு, மஞ்சள் வெளிச்சம், அதையும் நீயே அனுப்பு, நான் வாங்கினால் மாட்ட விடமாட்டாள். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், வேளைக்குச் சாப்பிடு. மறந்துவிடாதே, இன்றைக்கே கூப்பிடு. அந்த விளக்கு மாட்டிய அன்று ஏணி பிடித்த உன் பெரியப்பா இல்லை, வயர் இழுத்த ஜெயராம் இல்லை. கீழே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஸ்கைலேப்பு வுழுந்தா இது தாங்குமா?" என்று சிரித்த ஒருத்திதான் இருக்கிறாள், உன் அம்மா புஷ்பா.

இப்படிக்கு,
அப்பா முனிசாமி, கைநாட்டு