பெஞ்சுக் கோர்ட்டில் ஒரு பாவசங்கீர்த்தனம்

அம்மா,

உனக்கு எழுத்து தெரியாது என்று தெரிந்தும் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். பொறுத்துக்கொள். நீ இருந்தபோது உனக்கு வந்த காகிதங்களை எல்லாம் நான்தான் படித்துச் சொன்னேன். இதையும் முடித்தவுடன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுகிறேன்.

இன்று மாலை சின்னம்மா பட்டினப்பாக்கத்திலிருந்து நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பியிருந்தாள். இந்த மாம்பலத்து வாடகை அறையில் ஓலைப் பொட்டலத்தைப் பிரித்ததும் நம் குப்பத்து மணல் முழுவதும் உள்ளே வந்து நின்றது. மேசைமேல் நாளைய பாடம். பெரிய வகுப்புப் பெண்கள் ‘அஃபென்ஸ்’ என்ற இங்கிலீஷ் சொல்லுக்குக் ‘குற்றம்’ என்று ஒரே அர்த்தம் எழுதிக்கொண்டு, எல்லா இடத்திலும் அது பொருந்தவில்லை என்று என்னிடம் வந்தார்கள். அதைப் பிரித்துச் சொல்வதற்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். வாசனை வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்தச் சொல்லை எனக்கு முதலில் கொண்டுவந்தது பாடப்புத்தகம் இல்லையே. கார்ப்பரேஷன் சேவகன் அல்லவா.

நான் பி.ஏ. கடைசி வருஷம். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். சாந்தோம் சாலையில் புதிதாகக் கட்டிய பங்களாக்காரர் கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போட்டார் என்று உனக்கு நோட்டீஸ் வந்தது. அப்பா போனபின் அந்த மணலில் காய்ந்த கருவாடுதான் நம் சோறு, என் காலேஜ் சம்பளம் எல்லாம். கோர்ட்டில் குற்றம் என்று தீர்ந்தால் அந்த இடத்தில் மறுபடி பாய் விரிக்க விடமாட்டார்கள்.

“இன்னாடி எழுதிக்கீது?” என்றாய்.

“லைசென்ஸ் இல்லாம அருவருப்பான தொழில் செஞ்சது குத்தமாம். அருவருப்பு, குத்தம் ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஒரே வேர்ச்சொல்தாம்மா.”

“குத்தம்னா? திருட்டா?”

“திருட்டும் அதுல வரும். இது அது இல்ல.” அகராதியை எடுத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டத்தை மீறுவது. அடுத்தவர் மனத்தை நோகடிப்பது. படையெடுத்துத் தாக்குவது. காலேஜில் வளையம் எறிந்து ஆடும்போதுகூட எங்கள் டீச்சர் அந்தச் சொல்லைச் சொல்வாள் என்றேன். நீ சிரித்தாய்.

“காஞ்ச கருவாடு எழுந்துபோய் பங்களாவ அடிச்சிச்சா?”

அடுத்த அர்த்தத்துக்கு வந்தபோது நான் தயங்கினேன். முகம் சுளிக்க வைப்பது, மூக்குக்கு ஆகாதது. நீ சிரிப்பதை நிறுத்திவிட்டு முந்தானையை மோந்து பார்த்தாய். “மேல சொல்லு” என்றாய். கடைசி அர்த்தம், சர்வேசுரனுக்கு விரோதமாகச் செய்வது. கான்வென்டில் இங்கிலீஷில் பாவத்துக்கு வருந்தி நாங்கள் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தில் அதே சொல்தான் வருகிறது என்றேன்.

அதைக் கேட்டதும் உனக்குத் தெளிவு வந்துவிட்டது. எங்கே போக வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று உனக்குப் பழகிய வழி கிடைத்துவிட்டது. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் மனத்தாங்கல் உள்ளவர்களின் வாசலுக்குப் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். நம் குப்பத்தில் அதைச் செய்யாமல் யாரும் முழந்தாளிட மாட்டார்கள். வருஷம் முழுக்கச் சண்டை போட்ட சின்னம்மாவும் நீயும் ஒருவர் வாசலுக்கு ஒருவர் போய்ப் பாதி வழியில் முட்டிக்கொண்டு, யார் முதலில் புறப்பட்டது என்று அதற்கும் ஒரு சண்டை போட்டீர்கள். ஆனால் கோர்ட்டு நோட்டீஸுக்கும் அதே வழி என்று எடுத்துக்கொண்டது நீ ஒருத்திதான்.

மறுநாள் குளித்து, வெளுத்த புடவை கட்டி, பங்களாவின் பின்வாசலுக்குப் போனாய். நான் வேலிக்கு வெளியே நின்றேன். கதவைத் திறந்தது என்னைவிடச் சின்னப் பெண். வெளிறிய முகம், வாயில் சேலைத்தலைப்பு. நீ சொல்ல வந்ததை மறந்துவிட்டாய்.

“எத்தினி மாசம் தாயி?”

அவள் மூன்று என்று விரலைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினாள். வாந்தி எடுக்கும் சத்தம் வெளியே கேட்டது. “பொறுத்துக்கோ தாயி” என்று கதவுப் பக்கம் கைகூப்பிச் சொல்லிவிட்டுத் திரும்பினாய். அன்றைக்கே பாய்களைச் சுருட்டி, காற்று அந்த வீட்டுப் பக்கம் போகாத தெற்கு மணலுக்குச் சுமந்தாய். “இது புரளி இல்லடி. அதுக்கு மெய்யாவே ஒத்துக்கல” என்றாய். சின்னம்மா மட்டும், “கேஸ் போட்டவனுக்கு வழி வுட்டுக் குடுக்கிறா பாரு” என்று ஊருக்குக் கேட்கச் சொன்னாள்.

மயிலாப்பூர் பெஞ்சுக் கோர்ட்டில் மூன்று கௌரவ நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின கேஸ்காரர்கள் எல்லாரும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரே சொல்லில் அபராதம் கட்டிவிட்டு நகர்ந்தார்கள். உன் முறை வந்தது. குமாஸ்தா, “குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?” என்றார். நீ கைகூப்பினாய். முழந்தாளிடப் போனவளை டவாலி போட்ட சேவகன் பிடித்து நிமிர்த்தினான்.

“எல்லாத்தயும் சொல்லிட்றேன் சாமி” என்று ஆரம்பித்தாய். கூடை மீன் விற்கும்போது வஞ்சிரம், வவ்வால் என்று தெருவை எழுப்புகிற அதே குரல். ஓரகத்தியை ஏசினது. பெரிய வியாழக்கிழமை பொய் சொன்னது. ஐஸில் வைத்த மீனை அன்றைக்குப் பிடித்தது என்று விற்றது. கோர்ட்டு முழுதும் சிரித்தது. நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இதெல்லாம் உங்க சாமியார்ட்ட சொல்லிக்கோ. கருவாடு காயப்போட்டியா இல்லையா, அத மட்டும் சொல்லு.”

“போட்டேன் சாமி. அந்த வூட்டுப் பொண்ணு மசக்கைக்காரி. அவளுக்குக் கொமட்டிச்சு. அது தெரியாம போட்டது என் தப்புதான். அவகிட்டயே போய்ச் சொல்ட்டேன், பாயத் தெக்கால தள்ளிக்கினேன். ஆனா கருவாடு காயவெக்கிற தொழிலே குத்தம்னு எழுதினா நான் கைநாட்டு வெக்க மாட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“எம் பொண்ணு பி.ஏ. படிக்கிறா. அவ சொல்லுவா.”

அம்மா, வகுப்பில் வருகைப் பதிவுக்குப் பேர் கூப்பிட்டால்கூட என் குரல் முதல் பெஞ்சைத் தாண்டாது. அன்று எழுந்து நின்றேன். உன் கழுத்தில் தொங்கிய மாதா சுரூபத்தைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னேன். ஒருவருக்குத் துன்பம் கொடுத்தது ஒன்று, சட்டத்தை மீறியது வேறு ஒன்று. முதலாவதை என் தாய் ஒப்புக்கொண்டு, கேட்கப்படும் முன்பே சரிசெய்துவிட்டாள். தெற்கு மணலுக்கு லைசென்ஸ் கேட்கச் சம்மதிக்கிறாள். தொழிலை இழிவென்று ஒப்புக்கொள்ள மட்டும் மறுக்கிறாள். உட்கார்ந்தேன். நீ திரும்பிப் பார்த்து, “இன்னா சொன்ன?” என்றாய்.

“நீ சொன்னதத்தாம்மா.”

“அத்துக்கு இம்மாம் நேரமா?”

பெரியவர் மற்ற இருவரோடும் குனிந்து பேசினார். பங்களாக்காரரைக் கேட்டார். அவர் தரையைப் பார்த்தபடி, இப்போது தொந்தரவு இல்லை, வீட்டில் அவளே கேஸ் வேண்டாம் என்கிறாள் என்றார். லைசென்ஸுக்கு மனுக் கொடுக்கும்படி சொல்லிக் கேஸைத் தள்ளுபடி செய்தார்கள். அபராதம் இல்லை. வெளியே வந்ததும் நீ பெருமூச்சு விட்டு, “நல்ல சாமியாரு. அபராதமும் இல்ல, செபமாலையும் இல்ல” என்றாய். அடுத்த ஆடியும் அதற்கடுத்த ஆடியும் தெற்கு மணலில் பாய் விரிந்தது. நான் பட்டம் வாங்கினேன். போன மழைக்காலம் வரை நீ அங்கேதான் உட்கார்ந்து காக்கை ஓட்டினாய்.

இதை எழுதும்போதே பக்கத்துப் போர்ஷன் மாமி ஜன்னலைச் சாத்தினாள். நீ செய்ததையே செய்தேன். எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

“ஜன்னல சாத்திண்டேன்னு தப்பா எடுத்துக்காதீங்கோ டீச்சர். எனக்குப் பழக்கமில்ல, அவ்வளவுதான்.”

“இல்லை மாமி. தாராளமாகச் சாத்துங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வறுப்பேன். முன்னாடியே சொல்கிறேன்.”

“ஞாயித்துக்கிழம மத்தியானமா? அப்போ நாங்க கோவிலுக்குப் போய்டறோம்” என்று மாமி சிரித்தாள். அவள் ஜன்னலைச் சாத்தியதற்கு நான் வருந்தவில்லை, கோபிக்கவும் இல்லை. என்னால் ஒருவருக்கு நேர்ந்தது எவ்வளவோ அவ்வளவுக்கு வணங்குவேன், அதற்குமேல் ஒரு விரற்கடைகூட வளையமாட்டேன். உன் அளவுகோல் இது. நாளை வகுப்பில் அந்தச் சொல்லின் அர்த்தங்களை எல்லாம் கரும்பலகையில் எழுதுவேன். ஒவ்வொன்றுக்கும் உதாரணம் கேட்டால் என்னிடம் பஞ்சமில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. கோர்ட்டில் அத்தனையும் சொன்ன நீ, ஒன்றைச் சொல்லவில்லை. கடற்கரைச் சாலையில் கூவிக்கொண்டே வருவாய். என் காலேஜ் கேட் நெருங்கியதும் உன் குரல் நின்றுவிடும். கூடையோடு, யாரோ மாதிரி, தலை திருப்பாமல் கடந்துபோவாய். கேட்டைத் தாண்டின பிறகுதான் மறுபடி ‘வஞ்சிரம்’ எழும்பும். எனக்காகத்தான் செய்தாய். எனக்கு நொந்தது அது ஒன்றுதான் அம்மா. நான் அதை எப்போதோ பொறுத்துவிட்டேன்.

ஆனால் ஒரு வேண்டுகோள். கனவில் இந்தத் தெருவழியே நீ வந்தால், என் வாசலில் குரலை நிறுத்தாதே. முழுக் குரலில் கூவு. மாமி ஜன்னலைச் சாத்தட்டும். ‘ரோசு’ என்று பேர் சொல்லிக் கூப்பிடு. நான் இறங்கி வந்து கூடையை இறக்கிவைக்கிறேன்.