கடலட்டைக் கிடாரத்தில் சுடுதண்ணி

இஞ்சேருங்கோ,

மடு மாதா கோயிலுக்குப் போற பஸ் வரப்போகுது, நான் வெளிக்கிடுறன். சோறும் பாரைமீன் குழம்பும் மூடி வைச்சிருக்கு. பின்கதவுத் திறப்பு அலுமாரிக்கு மேல.

பத்து மணிபோல சுடுதண்ணித் தாங்கி பூட்டுற ஆள் வருவார். எது வேணும் எண்டு உங்களிட்டக் கேப்பார். கூரையில வெயிலில சூடாகிறதையே சொல்லுங்கோ. கறண்டில வேலை செய்யிறது வேண்டாம். எங்கட உவர்த் தண்ணிக்கு உள்ளுக்குச் சூடாக்கிற கம்பி கெதியாப் பழுதாப்போகும். "விடியக் கடலால வரேக்க வெயில் எங்க நிக்குது?" எண்டு நேற்றுச் சண்டை பிடிச்சியள். முதல்நாள் வெயிலில சூடான தண்ணி விடியும்வரை ஆறாதாம். விசாரிச்சிட்டன்.

"சுடுதண்ணியில குளிக்க நான் என்ன கிழவனோ?" எண்டும் கேட்டியள். அப்ப போன ஞாயிறு, கடலட்டை அவிக்கிற கிடாரத்தில தண்ணி சுடவைச்சுக் குளிச்சது ஆர்? அந்த மணத்துக்குப் பூசையில உங்கட வாங்கில ஒருத்தரும் இருக்கேல்லை. பக்கத்தில நிக்கிறவைக்குச் சமாதானம் சொல்லேக்க கிறகரி அண்ணர் தூரத்தில நிண்டே கும்பிட்டவர். நான் முக்காட்டுக்குள்ள சிரிச்சனான். கோவம் வீட்டை வந்தாப் பிறகுதான் வந்தது.

பின்னேரம் வந்திடுவன்.
செலீனா

கிடாரத்தை ஒளிச்சு வைச்சிட்டன், தேடாதேங்கோ.

பிளாஸ்கில சுடுதண்ணி இருக்கு, முழங்காலுக்கு ஒத்தடம் பிடியுங்கோ. நோகுது எண்டு நீங்கள் சொல்லேல்லை. கோயில் படியில சுவரைப் பிடிச்சு இறங்கினதை நான் கண்டனான்.