அசையாத மேடை

ஜூலை 9, செவ்வாய். காலை 7.10.

ஆற்று நடுவே உள்ள தீவில் ஏழு பிக்குகள், ஒரு நாய், ஒரு விரிசல். விரிசலின் அகலம் பதினொரு மில்லிமீட்டர்.

புத்தர் மண்டபத்துக்கும் பிக்குகள் படுக்கும் அறைகளுக்கும் நடுவே தரை பிளந்திருக்கிறது. நான் நில அளவைக்காரன் என்பதால் வந்து பார்க்கச் சொல்லி அண்ணன் ஆளனுப்பியிருந்தான். அந்த ஏழு பேரில் ஒருவன்; துறவியாகி நாலு வருஷம். "அண்ணான்னு கூப்பிட்டுத் தொலைக்காதே, சாமின்னு சொல்லு" என்று அம்மா வாசல்வரை வந்து எச்சரித்தாள். நான் எப்படியும் கூப்பிடவில்லை. அவன்தான் பழைய பட்டப்பெயரை விடவில்லை.

"வாடா முந்திரிக்கொட்டை. படகு நிக்கிறதுக்குள்ள குதிக்கிற. இன்னும் திருந்தலையா?"

விரிசலுக்கு இந்தப்புறம் அரசமர மேடையில் ஓர் ஆணி, அந்தப்புறம் மண்டபப் படியில் ஓர் ஆணி அடித்தேன். இடைவெளி கூடினால் மண் சரிகிறது. எளிய கணக்கு. முன்னதாக, படகுக்குக் காத்திருந்தபோது சும்மா இருக்க முடியாமல் கரைத்தூணில் கருவியை வைத்து அங்கிருந்து மேடைவரை உள்ள தூரத்தையும் அளந்து வைத்தேன்.

ஜூலை 12.

மழை. விடவே இல்லை.

ஜூலை 16.

மறுபடி தீவு. ஆணிகளின் இடைவெளி துளியும் கூடவில்லை.

மழைக்காலம் மூன்று மாதம் பிக்குகள் இடத்தை விட்டு நகரக்கூடாதாம். வெள்ளத்தால் இடத்துக்கே ஆபத்து என்றால் மட்டும் போகலாம், விதியிலேயே இருக்கிறதாம். ஆனால் பெரிய பிக்கு எழுந்து உட்காரக்கூட முடியாதவர். இந்த வெள்ளத்தில் அவரைப் படகேற்றுவது விளையாட்டில்லை.

"நீ ஆபத்துன்னு சொன்னா இப்பவே கிளம்புறோம். இல்லேன்னா இருக்கோம். எங்களுக்கு வேற யாரு இருக்கா?" என்றான் அண்ணன். "நிச்சயமாத்தான் சொல்றியா?"

"கருவி பொய் சொல்லாது. நிம்மதியாத் தூங்குங்க."

வீட்டில் அம்மா: "நீ பாத்துட்டே இல்ல? அப்புறம் எனக்கென்னடா பயம்."

ஜூலை 17. பகல் 11.

அலுவலகத்தில் அளவுகளைப் பதியும்போது கண்ணில் பட்டது. கரையிலிருந்து மேடைக்கு ஒன்பதாம் தேதி 143.62 மீட்டர். நேற்றும் காத்திருந்த நேரத்தில் அளந்தேன் — 143.55. ஏழு சென்டிமீட்டர் குறைவு. முதலில், கருவியைச் சரியாக நிறுத்தவில்லை போலும் என்று தள்ளிவிட்டேன்.

அது இல்லை. மேடையே ஆற்றை நோக்கி வருகிறது. மேடை, படி, மண்டபம், அறைகள் எல்லாம் ஒரே கட்டியாக. ரெண்டு ஆணியும் சேந்தே நகர்ந்தா இடைவெளி எப்படிடா கூடும்? அசையாதுன்னு யார் சொன்னா? நானேதான்!

தீவில் இருப்பது ஒரே போன். அணைத்து வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு தடவை அடித்துவிட்டேன். தூங்கச் சொல்லிவிட்டு வந்தேனே.

மாலை 5.

படகுத்துறை. படகுக்காரர் அசையவில்லை. "இப்ப விட்டா நான் உங்களைக் கொண்டுபோக மாட்டேன் தம்பி, ஆறுதான் நம்ம ரெண்டு பேரையும் கொண்டுபோகும். விடியட்டும்."

தொண்டை கிழியக் கத்தினேன். அண்ணா, அண்ணா என்றுதான் வந்தது. நாய் மட்டும் குரைத்தது.  

ஜூலை 18. மாலை.

விடிந்ததும் போனோம். "நான் தப்பா அளந்துட்டேன்" என்றேன். அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. "இப்ப என்ன சொல்ற?"

"கிளம்புங்க."

அறைக்கதவைக் கழற்றிப் பெரிய பிக்குவை அதில் படுக்கவைத்தோம். தலைப்பக்கம் நான் பிடித்தேன். நடு ஆற்றில் தண்ணீர் படகுக்குள் ஏறியது. அவர் கண் என் முகத்தை விட்டு நகரவே இல்லை.

ஏழு பேரும் நாயும் கரைப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இருக்கிறார்கள். பெரிய பிக்குவுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கிறது. ஜன்னலில் மேடை தெரிகிறது. நிற்கிறது. அது விழாவிட்டால் இவரை வீணாக நனைத்தவன் நான். விழணும்னு நினைக்கிறேனா? சீ.

கருவியை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

இனி:

1. நாளைக் காலை கரைத்தூணிலிருந்து அளப்பது.
2. என்ன எண் வந்தாலும் அப்படியே அண்ணனிடம் சொல்வது.
3. பெரிய பிக்குவுக்குக் காய்ச்சல் விடும்வரை பக்கத்திலேயே இருப்பது.
4. அம்மாவுக்குப் போன் செய்து பயப்படச் சொல்வது.
5. படகு நின்ற பிறகு இறங்குவது.