கண்ணாடிக்கு அடியில்

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாம் நோன்பு. அடுப்பு வேலை சாயங்காலம்தான் என்பதால் காலையிலேயே மொட்டை மாடிக்கு ஏறிவிட்டேன். மருந்து பூசிய தாள், அதன்மேல் மலையடிவாரத்தில் பறித்த வேலிப்பருத்திக் கொடி, அதன்மேல் கண்ணாடி. கால் மணி நேரம் வெயிலில் காயவிட்டுத் தண்ணீரில் அலசினால் தாள் நீலமாகிவிடும், கொடி இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். கேமரா இல்லாத ஃபோட்டோ. என் வீட்டுக்காரர் முபின் இதற்கு வைத்திருக்கும் பெயர் "உன் வடகம்".

இன்று வந்ததுபோல ஒரு படம் இதுவரை வந்ததில்லை. கொடிக்கு நடுவே புகை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, நெளிந்து நெளிந்து. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

பக்கத்து வீட்டு ஜ்வாலாமாலினி வந்தாள். ஜெயின் வீட்டுப் பெண், பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி, எனக்கு வெறும் மாலினி. படத்தைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை. அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டி, இது என்ன என்று கேட்டாள். காற்றில் கொடி ஆடிவிட்டது என்றேன். கூடத்தில் மாட்டப்போகிறேன் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நோன்பு வாயால் பொய். அதுவும் யார்கிட்ட? விளக்கு வச்சா பூச்சி விழும்னு பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டு முடிக்கிறவகிட்ட.

சரி, எழுதிவிடுகிறேன். அது ஒரு வரிப்புழு. கொடியோடு வந்திருக்கிறது. கண்ணாடியை வைத்துக் கிளிப் போட்ட பிறகுதான் பார்த்தேன். தண்டு தடிமன் என்பதால் நசுங்கவில்லை, அந்தச் சந்துக்குள் சூடு தாங்காமல் நெளிந்துகொண்டிருந்தது. கிளிப்பைக் கழற்றினால் போதும். ஆனால் படம் போய்விடும். அதன் நெளிசல் தாளில் விழுகிறது என்று தெரிந்தது. நன்றாக வரும் என்றும் தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நேரம் முடிந்து கண்ணாடியை எடுத்தபோது அதில் அசைவே இல்லை.

ஒரு புழுதானே? அப்படின்னா ஏன் அவகிட்ட சொல்ல முடியல?

மார்ச் 11, செவ்வாய்

மாலினியின் வீட்டுக்காரர் ஸ்ரேயாஸுக்குத் தெரிந்தவர் கோபி, செங்கம் ரோட்டில் புது லாட்ஜ் கட்டியிருக்கிறார். அவர்கள் கூடத்தில் படத்தைப் பார்த்துவிட்டு நேராக முபினின் கடைக்கே வந்துவிட்டாராம். அறைக்கு ஒன்று வேண்டும், கிரிவலம் வருகிறவர்கள் பார்த்து அசந்துபோக வேண்டும், எல்லாப் படத்திலும் அந்தப் புகை இருக்க வேண்டும். முபினுக்கு வாயெல்லாம் பல். இன்று அவர் வடகம் என்று சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

நூல் வைத்துப் பார்த்தேன். நூல் மாதிரியே இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

பஞ்சு, தலைமுடி, தேங்காய் நார். எல்லாம் தண்டம். "இதுல உயிரே இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் சுருக்கென்றது.

மார்ச் 15, சனி

மலையடிவாரத்துக்குக் கொடி பறிக்கப் போனேன். கையில் ஒரு டப்பா. எதுக்குடி டப்பான்னு என்னை நானே கேக்கல. வேலி ஓரம் குனிந்தபடி உள்ளங்கையில் ஒரு வரிப்புழுவை ஊரவிட்டு, இது பெருசா இருக்கா, நல்லா நெளியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பாவுக்குள் ஏற்கெனவே இரண்டு.

சீ.

எல்லாவற்றையும் கொடியிலேயே விட்டேன். வீடு வரும்வரை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தேன். அன்றைக்காவது அதுவாக வந்து மாட்டியது. இன்று தேடிப் போயிருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

கோபியிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்றேன். முபின் காரணம் கேட்டார், சொன்னேன். ஒரு புழுவுக்காகவா என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்துக் கோபியைக் கூப்பிட்டார்.

மாலினி வீட்டுக்குப் போனேன். சட்டம் போட்டு, நுழைந்தவுடன் கண்ணில் படும்படி மாட்டியிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், டப்பா உட்பட. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எவ்ளோ நேரம் அசஞ்சிது?"

கொஞ்ச நேரந்தான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "ரொம்ப நேரம்" என்றேன்.

எழுந்து உள்ளே போய்விட்டாள். வாசலில் என் செருப்பு எது என்றுகூடத் தெரியவில்லை எனக்கு.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். வருஷா வருஷம்போலக் கறி படாத தனிப் பாத்திரத்தில் சேமியா காய்ச்சி அவர்கள் வீட்டுக்கு அனுப்பினேன். பாத்திரத்தைத் திருப்பித் தர எப்போதும் மாலினிதான் வருவாள், வந்தால் லேசில் போகமாட்டாள். இன்று ஸ்ரேயாஸ் வந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார். கழுவியிருந்தது. சாப்பிட்டாங்களா, கொட்டிட்டாங்களா? கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

மாடியில் தாளை விரித்துக்கொண்டிருந்தேன். படியேறி மாலினி வந்தாள். படத்தைப் பீரோவுக்குள் வைத்திருக்கிறாளாம்.

"தூக்கிப் போட மனசு வரல. மாட்டவும் முடியல."

பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் தீக்ஷாவின் பரீட்சையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே, தாளில் வைக்கப்போன கிளையை என் கையிலிருந்து வாங்கினாள். ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தாள். காம்பு வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்ப என்னிடம் தந்தாள்.

நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை.