பெட்ரோலில் கழுவிய பிரேக் ஷூ

என்னங்க, இன்றைக்குக் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நிற்கும்போது வாசலிலிருந்து பெட்ரோல் வாசனை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நம் டிரெய்லரின் ஒரு சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய பெயிண்ட் டப்பாவில் பிரேக் ஷூவை ஊறவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள் பாப்பா. "கிரீஸைத் தடுக்கற சீல் போயிடுச்சும்மா. பேரிங் கிரீஸ் எல்லாம் ஷூ மேல வழிஞ்சிருக்கு. அப்பா மாதிரியே கழுவிட்டேன், மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும்" என்றாள். நாளைக்குக் கிருஷ்ணகிரியில் கல்யாணச் சமையல். ஓட்டப்போவது அவள்தான். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

உங்களுக்குத்தான் எதையும் தூக்கிப்போட மனசே வராதே. யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன அந்த டிரெய்லரை ஸ்ரீராம்புரத்துச் சந்துக்குள் இழுத்துவந்து சமையல் வண்டியாக்கின நாளிலிருந்தே அப்படித்தான். கரண்ட் பாய்ந்தால் உள்ளே காந்தம் டிரம்மைக் கவ்வும், ஷூ விரியும், சக்கரம் நிற்கும் என்று எனக்கே பாடம் எடுத்தீர்கள். ஒயர் அறுந்தால் பற்றவைப்பீர்கள். ஷூவில் கிரீஸ் ஏறினால் பெட்ரோல் குளியல். "செட்டா மாத்திடலாம்ங்க" என்றால், "கழுவினா போற அழுக்குக்கு எதுக்குடி புதுசு?" என்பீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். என் புத்தி அப்படி.

அந்த இறக்கம் ஞாபகம் இருக்கிறதா? ஓசூர் தாண்டி, நீங்கள் கழுவிப் போட்ட ஷூவோடு, வண்டி நிறைய பாத்திரமும் அரிசியுமாகப் போனோம். முதல் இரண்டு தடவை பிரேக் பிடித்தது. அப்புறம் டிரெய்லர் பின்னாலிருந்து, அதை இழுத்துப்போன ஜீப்பையே தள்ள ஆரம்பித்தது. டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த பிரேக் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தீர்கள். கரண்ட் பாய்கிறது என்று விளக்கு எரிந்தது, வண்டி கேட்கவில்லை. முன்னால் ஒரு ஸ்கூல் வேன். பின் கண்ணாடியில் பிள்ளைகள் நம்மைப் பார்த்துக் கையாட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கியரைக் குறைத்து, ஓரத்து ஜல்லிக் குவியலில் ஏற்றி எப்படியோ நிறுத்தினீர்கள். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை.

சிவாஜிநகரில் பிரேக் ஷூ மேல் லைனிங் பட்டை ஒட்டுகிற பாய் அந்த ஷூவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார்: "கிரீஸ் குடிச்ச லைனிங்கை எத்தனை கழுவினாலும் போகாதும்மா. மேலதான் சுத்தம். சூடானா உள்ள இருக்கறதைக் கக்கிடும்." அன்றைக்கே இரண்டு சக்கரத்துக்கும் புது செட் சொல்லிவிட்டீர்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "பாப்பாகிட்ட சொல்லாத. இனிமே என்கூட வண்டியில ஏறமாட்டா" என்றீர்கள். பழசு தேய்ந்துவிட்டது, அதனால் மாற்றினோம் என்று அவளிடம் சொல்லிவைத்தோம்.

போன வருஷம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. ஸ்டியரிங் அவள் கைக்கு வந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. உங்கள் பேர் கெடக்கூடாதாம்.

இன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் அழுததையும் சேர்த்து. கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பா கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்: "போன மாசம் கனகபுரா போனோமே, அப்பவும் கழுவித்தாம்மா போட்டேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

புது செட் வர மூன்று வாரம் ஆகுமாம். நாளைக்குப் பாத்திரமெல்லாம் வாடகை டெம்போவில் போகிறது.

கனகபுரா வழியில் பெரிய இறக்கம் எதுவும் வரவில்லை. எங்களைக் காப்பாற்றியது அது ஒன்றுதான். அன்றைக்கு, நீங்கள் மாற்றின பிரேக் எல்லாம் புதுசாச்சே என்ற தைரியத்தில், வழி முழுக்க அவள் தோளில் சாய்ந்து நான் தூங்கிக்கொண்டு போனேனுங்க. காலையிலிருந்து அந்தத் தூக்கத்தையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.